அட்மிஷன் கவுண்டரில் உட்காருகிறவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஜூன் மாதம் தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது குமரி மாவட்டத்தில் மழை பிடித்துவிடும். கல்லூரி வராந்தாவில் நனைந்த குடைகள் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை மஞ்சள் பைக்குள் வைத்து, பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அம்மாமார் வந்து நிற்பார்கள். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள் அதில் இருப்பார்கள். மேற்குக் கடலில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1-ஆம் தேதியே தொடங்கிவிடுவதால் குளச்சல் பக்கத்து அப்பாமாரும் பிள்ளைகளோடு வந்திருப்பார்கள்.

கவுண்டரில் இருப்பது பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமான ஒரு பெண். "சர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டுவந்தியா மக்களே?" என்று கேட்டு வாங்குகிறார். சாதிச் சான்றிதழைப் பார்க்கிறார். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கிறார். இருபது வினாடிகூட ஆகாது. அந்தப் பிள்ளை எந்த ரேங்க் பட்டியலில் வரும், எவ்வளவு கட்டணம் கட்டும், உதவித்தொகை கிடைக்குமா கிடைக்காதா என்பதெல்லாம் அந்த ஒரு கிளிக்கில் முடிவாகிவிடுகிறது.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவன் நான். இட ஒதுக்கீட்டுச் சட்டம், கட்டணம் திருப்பித் தரும் விதி, தனிநபர் தகவல் பாதுகாப்பு என்று எத்தனையோ பேசுகிறோம். ஒரு மாணவரின் வாழ்க்கையில் அவை எல்லாம் முதன்முதலாக நிஜமாவது இந்த ஜன்னலில்தான். அங்கே உட்காருகிறவருக்கு யாரும் முறையாக எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. விதிகளோ வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

குமரிக்கு மட்டும் உள்ள சிக்கல்

முதலில் நான் நேரில் பார்த்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த கல்லூரியில் நடந்தது. வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தம்பி, நல்ல உழைப்பாளி, அந்த வருஷம் தரவுப் பதிவுக்குச் சேர்ந்திருந்தார். ஒரு மாணவியின் சான்றிதழில் வண்ணார் சமூகம், எஸ்.சி. என்று இருந்தது. அவருடைய ஊரில் வண்ணார் எம்.பி.சி. தாசில்தார் அலுவலகத்தில் தவறாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, நல்ல எண்ணத்தோடு, எம்.பி.சி. என்று பதிந்துவிட்டார். நல்ல மதிப்பெண் இருந்ததால் மாணவிக்கு எப்படியும் சீட் கிடைத்தது. யாரும் கவனிக்கவில்லை. உதவித்தொகைப் பட்டியல் வந்தபோதுதான் அவள் பெயர் அதில் இல்லை என்று தெரிந்தது. அதைத் திருத்தி முடிப்பதற்குள் அந்தக் கல்வியாண்டே போய்விட்டது. இடையில் அவள் அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டினார்.

அந்தத் தம்பி செய்தது அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழ்நாட்டில் அது சரி. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் வரிசையைப் படித்துப் பார்த்தால், சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் 'கன்னியாகுமரி மாவட்டம் மற்றும் செங்கோட்டை தாலுகாவில்' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். வண்ணான், பரவன், மண்ணான், காக்காலன், வேலன் என்று அப்படிப் பல பெயர்கள். காரணம் 1956. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து நம் தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்-கொச்சிக்கென்று இருந்த பட்டியலில் உள்ள சமூகங்கள், அந்த நிலப்பகுதி எல்லையோடேயே தமிழ்நாட்டுப் பட்டியலுக்குள் வந்து சேர்ந்தன. அதனால்தான் ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் இன்னொரு வகை. மாநிலம் முழுக்க ஒரே மாதிரி எழுதப்பட்ட ஒரு மென்பொருளோ, சென்னையில் அடித்த கையேடோ இதைக் கவனமாகச் சொல்லித்தரும் என்று நம்பி உட்கார முடியாது. இதை நம் மாவட்டத்தில், நம் ஆட்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

பழங்குடிச் சான்றிதழும் அப்படித்தான். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பகுதியிலிருந்து காணிக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்ட அளவில், அதாவது சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோதான் தர வேண்டும். எஸ்.சி. என்றால் தாசில்தார். பி.சி., எம்.பி.சி. என்றால் துணைத் தாசில்தார் நிலை. யார் கையெழுத்து எங்கே செல்லும் என்பது தெரியாவிட்டால், சரியான சான்றிதழோடு வந்த பிள்ளையை "இது செல்லாது, மாத்தி வாங்கிட்டு வா" என்று மலைக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம். கோதையாறு பஸ்ஸுக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

அப்புறம் பெயர். நம் மாவட்டத்தில் ஒரே தெருவில், சில சமயம் ஒரே குடும்பத்தில், இந்துவும் கிறிஸ்தவரும் இருப்பார்கள். எஸ்.சி. சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். அதற்காக மேரி, ஜோஸ் என்று பெயர் இருந்தால் மதம் மாறியவர் என்று கவுண்டரில் இருப்பவர் தானாக முடிவு செய்துவிடக் கூடாது. பெயர் சான்றாகாது. சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதைப் பதிய வேண்டும். அதில் சந்தேகம் என்றால் வழங்கிய அலுவலகத்தைக் கேட்க வேண்டும். கேள்வி கேட்கிற தொனியிலும் கவனம் வேண்டும். வரிசையில் பத்துப் பேர் கேட்க, "நீங்க கன்வெர்ட்டா?" என்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடம் சத்தமாகக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லை ஓர ஊர்களில் இன்னொரு குழப்பம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் படித்துவிட்டு, வீடு இந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் உண்டு. கேரளப் பாடத்திட்ட மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் வேறு மாநிலம் என்று எழுதிவிடுவது சுலபம். வேறு மாநிலத்தவருக்கு இங்கே பொதுப்பிரிவில்தான் இடம். அவர்களுடைய மாநிலச் சாதிச் சான்றிதழ் நம் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஆனால் படித்த இடம் வேறு, பூர்வீகம் வேறு. பிறப்பிடச் சான்றிதழ் கேட்டு வாங்கிப் பார்த்தால் விளவங்கோடு தாலுகா என்று இருக்கும். அந்த ஒரு தாளைக் கேட்க வேண்டும் என்று தெரியாததால் சொந்த மாநிலத்திலேயே ஒரு பிள்ளை வெளியூர்க்காரராகிவிடும்.

நேற்றைய விதி இன்றைக்கு இல்லை

தமிழ்நாட்டின் 69 சதவீதக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18, எஸ்.டி. 1. எஸ்.சி.யின் 18-க்குள் அருந்ததியருக்கு 3. இது சுவரில் ஒட்டிவைக்கிற அளவுக்கு நிலையான கணக்கு. ஆனால் 2021-இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் எம்.பி.சி.யின் 20-க்குள் வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. ஜூலையில் அமலுக்கு வந்தது. நவம்பர் 1-ஆம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. ஒரே வருஷத்துக்குள் ஒரு விதி வந்து, ஓடி, விழுந்துவிட்டது. அந்த இடைவெளியில் பட்டியல் போட்ட அலுவலர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு உதாரணம் எங்கள் கலைக் கல்லூரிகளுக்கு நேராக வந்து மோதியது. பி.பி.ஏ., பி.சி.ஏ. இரண்டும் காலங்காலமாகப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தோடு நடந்த படிப்புகள். 2024-25 கல்வியாண்டிலிருந்து அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலின் ஒப்புதலும் வேண்டும் என்று ஆயிற்று. பொறியியல் கல்லூரி அலுவலகங்களுக்கு அந்தக் கவுன்சில் பழக்கமான பெயர். வருஷா வருஷம் ஒப்புதல் நீட்டிப்பு வாங்கி, அதில் உள்ள எண்ணிக்கைக்குள் சேர்ப்பது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. கலைக் கல்லூரி அலுவலகத்தில் பாதிப்பேருக்கு அந்த இணையதளத்தின் முகவரிகூட அதுவரை தேவைப்பட்டதில்லை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால், தேர்வு எழுதும் நேரத்தில்தான் பிரச்சினை தலைகாட்டும். அப்போது அந்தப் பிள்ளை எங்கே போகும்?

2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நேரடி வகுப்பு இரண்டு என்றால் நேரம் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அது வந்து எத்தனையோ நாளான பின்னும், தொலைநிலையில் ஒரு படிப்பு படிக்கிறேன் என்று உண்மையைச் சொன்ன மாணவரிடம் "அதை விட்டுட்டு வா" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய விதியை மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

சிறுபான்மைக் கல்லூரிகள் நிறைந்த மாவட்டம் இது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி என்று நீளும். அரசமைப்பின் 30-ஆவது பிரிவு இவற்றுக்குத் தனி உரிமை தருகிறது. தனியார் கல்வி நிறுவனங்களில் இட ஒதுக்கீடு குறித்த தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்குத் தருகிறது. ஒரு கல்லூரியில் பழகிய எழுத்தர் பக்கத்துக் கல்லூரிக்கு மாறிப் போகும்போது, அங்கே பொருந்தும் விதி வேறாக இருக்கும். போதாக்குறைக்கு ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று. கட்டணமும் கணக்கும் தனித்தனி.

பணத்தைத் திருப்பித் தருவது எப்படி

பெற்றோரோடு சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பையன் பி.எஸ்சி. இயற்பியலுக்கு 30,000 ரூபாய் கட்டிச் சேர்கிறான். பிறகு கவுன்சிலிங்கில் வேறு படிப்புக்கு இடம் கிடைக்கிறது. பணம் எவ்வளவு திரும்பும்? மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. சேர்க்கைக்கு முறைப்படி அறிவித்த கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போதே விலகினால் முழுத் தொகை. அதில் செயலாக்கக் கட்டணமாக ஐந்து சதவீதம் வரை பிடிக்கலாம், ஆனால் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நம் பையனுக்கு 1,500 ரூபாய் வரை பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம், அதாவது 27,000. கடைசித் தேதி கழிந்து பதினைந்து நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 24,000. பதினைந்திலிருந்து முப்பது நாளுக்குள் என்றால் பாதி, 15,000. முப்பது நாள் தாண்டிவிட்டால் ஒன்றும் இல்லை. காப்புத் தொகையும் முன்வைப்புத் தொகையும் எப்போதும் முழுசாகத் திரும்ப வேண்டும்.

இதை அட்டையில் எழுதிக் கவுண்டரில் தொங்கவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. 2023-24-க்கும் 2024-25-க்கும் மானியக் குழு தனியாகக் கடிதம் அனுப்பியது. செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகையும் திரும்பத் தர வேண்டும், அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது. கவுன்சிலிங்குகள் தள்ளிப்போனதால் பிள்ளைகள் பணத்தை இழக்கக் கூடாது என்பது நோக்கம். அப்படியென்றால் அட்டையைப் பார்த்து 15,000 ரூபாய் என்று சொன்ன எழுத்தர், அந்தப் பையனுக்கு வர வேண்டியதில் பாதியை மறுத்துவிட்டார். அவர் திருடவில்லை, அவருக்கு அந்தக் கடிதம் வந்து சேரவில்லை.

ஒரிஜினல் சான்றிதழ் விஷயம் இன்னும் வருத்தமானது. அதே 2018 அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது: சேரும்போது மாணவர் முன்னிலையில் அசலைச் சரிபார்த்து, அப்போதே திருப்பித் தர வேண்டும்; சான்றொப்பமிட்ட நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் பட்டியலும் பள்ளி விடுப்புச் சான்றிதழும் இதில் அடக்கம். கட்டணம் பாக்கி என்பதற்காக அசலைப் பிடித்துவைப்பதற்கு அதில் இடமே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், மாணவர் இடையில் விலகினால் "மூணு வருஷப் பீஸையும் கட்டினாதான் சர்ட்டிபிகேட்" என்று சொல்வது பல இடங்களில் வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொன்னார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஒரு நர்சிங் சீட்டைப் பிடிக்க இரண்டே நாள் இருந்த ஒரு பெண்ணிடம் நான் அப்படிச் சொன்னது இன்றைக்கும் நினைவில் வந்து உறுத்துகிறது. பயிற்சி இல்லாத இடத்தில் பழக்கம்தான் விதியாக நின்றுவிடுகிறது.

பதினேழு வயதும் போன் நம்பரும்

பிளஸ் டூ முடித்து வருகிறவர்களில் நிறையப் பேருக்குப் பதினெட்டு நிறைந்திருக்காது. 2023-இல் வந்த எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதினெட்டுக்குக் கீழே உள்ளவர் குழந்தைதான். அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. அட்மிஷன் அலுவலகம் என்ன வைத்திருக்கிறது என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள்: ஆதார், சாதி, மதம், வருமானம், வங்கிக் கணக்கு, அம்மாவின் போன் நம்பர், சில பேருடைய மாற்றுத்திறன் சான்றிதழ். ஒரு வீட்டின் அந்தரங்கம் முழுக்க ஒரே கோப்பில்.

இப்போது நடப்பது என்ன? விண்ணப்பப் பதிவேடு கவுண்டர் மேலேயே திறந்து கிடக்கும். வரிசையில் நிற்கிற யாரும் மேலே உள்ள நாற்பது நம்பரை போனில் படம் எடுத்துக்கொண்டு போகலாம். ரேங்க் பட்டியல் சாதியோடும் போன் நம்பரோடும் வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றும். ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பயன்படுத்துவார்கள். அதைக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைத்திருப்பார்கள். "காலையில அங்க அப்ளிகேஷன் போட்டோம், சாயங்காலமே எங்கேயோ இருந்து ஏஜென்ட் கூப்பிடுறான் சார்" என்று பெற்றோர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். எங்கிருந்து நம்பர் போனது என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் பதிவேட்டை மூடி வைப்பதற்கும், ஆளுக்கொரு கடவுச்சொல் வைப்பதற்கும், பட்டியலில் விண்ணப்ப எண்ணை மட்டும் போடுவதற்கும் ஒரு ரூபாய் செலவில்லை. யாராவது உட்காரவைத்து ஏன் என்று சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் ஐந்து சதவீத இடம் உண்டு, உச்ச வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு அது. அந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. அவற்றில் பல, கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாதவை. "பார்த்தா நல்லாத்தானே இருக்க" என்ற வார்த்தை ஒரு தரம்கூட அந்த ஜன்னலில் வரக் கூடாது.

உதவித்திட்டங்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கியது. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவானது. மறைமாவட்டங்களும் சபைகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கும் குமரிக்கு இந்த விரிவாக்கம் பெரிய விஷயம். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாள், எந்த வழியில் படித்தாள் என்று சேரும்போதே கேட்டுப் பதிந்தால்தான் அந்த 1,000 ரூபாய் போய்ச் சேரும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருக்கும். டிசம்பரில் கண்டுபிடித்து என்ன பயன்?

யார் பயிற்சி தருவது

அரசுப் பணிக்குத் தேர்வாகும் இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி உண்டு. அலுவலக நடைமுறை, கோப்பு எழுதுவது எல்லாம் அங்கே கிடைக்கும். உதவி பெறும் கல்லூரிக்கும் சுயநிதிக் கல்லூரிக்கும் அதுகூட இல்லை. திருநெல்வேலியில் இருக்கும் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகமோ அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ கூட்டம் கூட்டினால், நாகர்கோவிலிலிருந்து எண்பது கிலோமீட்டர் போய் ஒருவர் கேட்டுவிட்டு வருவார். அவர் பெரும்பாலும் கண்காணிப்பாளராக இருப்பார். கவுண்டரில் உட்காருகிற தற்காலிகப் பணியாளர் வரை அந்தச் செய்தி இறங்குவது அவருடைய நேரத்தையும் மனசையும் பொறுத்தது.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது ஆசிரியர் அல்லாதோருக்கு என்ன பயிற்சி நடத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். அதனால் வருஷத்துக்கு ஒன்றாவது நடக்கிறது. பலகையில் பேனர், ஒரு சிறப்பு விருந்தினர், கணினிப் பயன்பாடு பற்றியோ மன அழுத்தம் பற்றியோ ஒரு பேச்சு, குழுப் படம். கணினிப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜூன் மாதம் அந்த ஜன்னலில் வரும் கேள்வி எதற்கும் அதில் பதில் இருப்பதில்லை.

இன்னொரு பெரிய தடை மொழி. மானியக் குழுவின் கடிதம் ஆங்கிலத்தில் வரும். முதல்வரின் மின்னஞ்சலில் வந்து விழும், அதுவும் அவர் தலைக்கு மேல் வேலை இருக்கும் நாளில். அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்து, 'சுற்றுக்கு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போய்விடும். கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் படித்தவர் எத்தனை பேர்? அரைப்பக்கம் தமிழில், நம் கல்லூரிக்கு இதனால் என்ன மாறுகிறது என்று எழுதிக் கவுண்டரில் வைத்தால் அதுவே பாதிப் பயிற்சி. கடிதத்தின் எண்ணும் தேதியும் மேலே இருக்க வேண்டும். புதுக் கடிதம் வந்தால் பழையதைக் கிழித்துப் போட வேண்டும்.

"பழக்கிவிட்டா போயிடுறாங்க சார், எதுக்குப் பயிற்சி" என்று நிர்வாகங்கள் சொல்லும். போகிறார்கள்தான். சம்பளம் அப்படி. ஆள் நிற்காத இடத்தில்தான் எழுதிவைத்த பயிற்சி அதிகம் தேவை. எல்லாமே ஒரு மூத்தவரின் மண்டைக்குள் இருந்தால் அவர் ஓய்வுபெறும் நாளில் அலுவலகமே குருடாகிவிடும்.

மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிகள் இதற்கு ஒரு கால அட்டவணையையே கையில் தருகின்றன. சேர்க்கை தொடங்குவதற்கு அறுபது நாள் முன்பே தகவல் கையேட்டை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. இடங்கள் எத்தனை, கட்டணம் எவ்வளவு, திருப்பித் தரும் விதி என்ன என்பதெல்லாம் கையேட்டில் இருக்க வேண்டும். மே மாதம் சேர்க்கை என்றால் மார்ச் தொடக்கத்தில் எல்லாம் தயாராக வேண்டும். அந்த மார்ச்சுதான் பயிற்சிக்கு நேரம். கையேட்டைத் தயாரிக்கிறவர்களும் கவுண்டரில் உட்காரப் போகிறவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாலே பல சண்டை குறையும். அதே விதிகளின்படி புகார் போனால் குறைதீர்ப்புக் குழு பதினைந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. இந்த வழி இருக்கிறது என்று மாணவரிடம் சொல்ல வேண்டியதும் கவுண்டரில் இருப்பவரின் வேலைதான்.

கடைசி நான்கு வருஷம் எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருந்தோம். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, அரை நாள். முந்தைய வருஷக் கோப்புகளில் சிக்கலான இருபதை எடுத்துப் பெயர், நம்பர் எல்லாம் மறைத்து நகல் எடுப்போம். புதியவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் முடிவு எழுத வேண்டும்: எந்தப் பிரிவு, எவ்வளவு திரும்பும், எந்தத் திட்டத்துக்குத் தகுதி. பிறகு எல்லோருமாகப் பேசுவோம். மத்தியானம் பிரியாணி. செலவு அவ்வளவுதான். முதல் வருஷம் இருபதில் பதினொன்று தப்பு வந்தது. யாரையும் திட்டவில்லை, எந்த ஆணையில் எந்தப் பத்தி என்று எடுத்துக் காட்டினோம்.

இருபதாவது கோப்பில் எப்போதும் எங்களுக்கே விடை தெரியாத ஒன்றை வைப்போம். கடைசி வருஷம் அதில் இருந்தது, தாலுகாவின் பெயர் மழையில் பாதி கலைந்துபோன ஒரு பழைய சான்றிதழ். இரண்டு பேர் எம்.பி.சி. என்று எழுதினார்கள். இரண்டு பேர் எஸ்.சி. என்றார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான ஒரு பெண் மட்டும் எதையும் எழுதாமல் எழுந்து வந்து, "சார், கல்குளம் தாலுகா ஆபீஸ் நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.